கனியே கூலி

ஆனி மாதக் கடைசியில் கொல்லிமலையின் வளப்பூர் நாட்டுக்குச் சென்றிருந்தேன். அறப்பளீசுவரரை வணங்கிவிட்டு ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்கும்போது, ஓரப் பாறையொன்றின் மீது கருஊதா நிறத்தில் ஒரு சிறு குவியலைக் கண்டேன். குனிந்து பார்த்தால் அத்தனையும் நாவற்கொட்டைகள். ‘மரநாய் போட்டது, ஐயா’ என்றார் உடன் வந்த ஊர்ப் பெரியவர். அண்ணாந்து பார்த்தேன், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நாவல் மரம் எதுவும் தென்படவில்லை. எங்கோ நின்ற ஒரு மரத்தின் விதைகளை யாரோ சுமந்துவந்து இங்கே இறக்கிவைத்திருக்கிறார்கள்.

உழைப்பு, கூலி, உற்பத்தி என்று வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் பாடம் நடத்தியவன் நான். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத ஓர் உழைப்பை அந்தப் பாறையின் மீது பார்த்தேன்.

மரத்தால் நடக்க இயலாது. தன் காலடியிலேயே விதைகளை உதிர்த்தால் அவற்றுள் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. தாய்மரத்தின் நிழல் ஒருபுறம் நாற்றுகளை வாட்டுகிறது. அந்த மரவகையையே குறிவைத்துத் தின்னும் பூச்சிகளும் பூஞ்சைகளும் மறுபுறம் அங்கே குவிந்திருக்கின்றன. 1970-இல் டேனியல் ஜான்சனும், 1971-இல் ஜோசப் கானெலும் தனித்தனியே முன்வைத்த விளக்கம் இது. மழைக்காட்டில் ஒரே இன மரங்கள் கூட்டமாக நிற்காமல், நூற்றுக்கணக்கான இனங்கள் கலந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது அவர்கள் கருத்து. ஆகவே, தாயை விட்டு விலகிச் செல்வது விதைக்கு வாழ்வா சாவா என்னும் கேள்வி.

அந்தப் பயணத்துக்கு மரம் தரும் கூலிதான் கனியின் சதை. வெப்பமண்டல மழைக்காடுகளின் மரவகைகளில் பாதி முதல் பத்தில் ஒன்பது பங்கு வரை தம் விதைகளைப் பரப்ப விலங்குகளையும் பறவைகளையும் நம்பியிருக்கின்றன. விதை முற்றும்வரை காய் பச்சையாகவும் துவர்ப்பாகவும் இருப்பதும், முற்றியபின் நிறமும் மணமும் இனிப்பும் பெறுவதும் வேலை முடியும் வேளையில் கூலி கொடுக்கும் ஏற்பாடன்றி வேறென்ன?

இந்த உழைப்பில் வேலைப் பகிர்வும் உண்டு. குக்குறுவானும் சின்னானும் பச்சைக்கிளையில் அமர்ந்து தின்று, அடுத்து அமரும் கிளையின் கீழே எச்சமிடுகின்றன. பழந்தின்னி வௌவால்களோ திறந்த வெளிகளைக் கடந்து பறப்பவை. காடு அழிந்த இடத்திலும் விதை விழ அவை உதவுகின்றன. மரநாயும் கரடியும் பெரிய கொட்டைகளை விழுங்கி நெடுந்தொலைவு நடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இருவாச்சி, சிறு பறவைகளின் அலகுக்குள் நுழையாத பருத்த விதைகளைக் கொண்டுசெல்கிறது. அத்தி, ஆல் போன்றவற்றின் விதைகள் கடுகினும் சிறியவை என்பதால் யார் தின்றாலும் பரவும். கோயில் கோபுரத்தில் ஆலங்கன்று முளைத்திருப்பதைப் பார்க்காதவர் நம்மில் யார்?

ஒருவர் வேலையை எப்போதும் மற்றவர் செய்துவிட முடியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பெரிய விலங்குகளும் பறவைகளும் மறைந்தால் பெரிய விதையுள்ள மரங்களே முதலில் பாதிக்கப்படும். காடு பார்வைக்குப் பசுமையாகவே இருக்கும். ஆனால், அடுத்த தலைமுறை மரங்கள் அதில் இரா. 1992-இல் கென்ட் ரெட்ஃபோர்டு இதனை ‘வெறுங்காடு’ என்று அழைத்தார். பறவைகளும் பாலூட்டிகளும் குறைந்துவிட்டதால், மாறும் தட்பவெப்பத்துக்கு ஏற்ப இடம்பெயரும் தாவரங்களின் திறன் உலக அளவில் 60 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

கொல்லிமலை முழுவதும் மழைக்காடு அன்று. அடிவாரச் சரிவுகளில் புதர்க்காடும் இலையுதிர்காடும், உயரமான பகுதிகளில் பசுமை மாறாச் சோலைகளும், ஊர்தோறும் கோயில்காடுகளும் உள்ளன. இடையிலே மரவள்ளி, மிளகு, காபி, வாழை, அன்னாசி. சோலைகள் சிறு தீவுகளாகப் பிரிந்து கிடக்கின்றன. கோயில்காட்டில் கோடாரி விழாமல் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாகக் காத்துவந்தது பெருஞ்செயல். ஆனால், சுற்றுவட்டாரத்திலிருந்து விதைகள் வந்துசேராவிட்டால் அது பெட்டியில் பூட்டிய பணத்தைப் போன்றதே. முதல் இருக்கும், சுழற்சி இராது.

இந்தத் தீவுகளுக்கு இடையே பாலமாக நிற்பவை தோட்டங்களில் உள்ள பழமரங்கள். அவைதாம் இப்போது குறைந்து வருகின்றன. காபிக்கு நிழல் தரவும் மிளகுக்கொடியைத் தாங்கவும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சில்வர் ஓக் மரத்தை நடுகிறார்கள். அது விரைந்து, நேராக வளரும், மரமாக விற்கும். ஆனால், அதன் விதை காற்றில் பறப்பது. பறவை உண்ணக் கனி தராதது. ‘அத்தி மரத்தை எந்த வியாபாரி ஐயா வாங்குவான்?’ என்று கேட்டார் அந்தப் பெரியவர். அவரிடம் நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் கணக்கு தவறன்று. அத்தி மரத்தால் வரும் பயன் மலை முழுவதற்கும், கீழே ஐயாற்று நீரைப் பயன்படுத்தும் சமவெளிக்கும் போய்ச்சேருகிறது. அதற்கான இழப்பு மட்டும் அவர் ஒருவர் தலையில் விழுகிறது. சந்தை தோற்கும் இடம் என்று பாடநூல்கள் கூறுவது இதைத்தான்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாம் செய்யும் பிழை இன்னொன்று. வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குப் பிஸ்கட்டும் வறுவலும் வீசுகிறோம். மேற்கு வங்கத்தின் பக்சா புலிகள் காப்பகத்தில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வொன்று, மனிதர் தரும் உணவுக்குப் பழகிய குரங்குகள் காட்டுக்கனிகளைக் குறைவாக உண்பதையும், விழுங்கிய விதைகளைத் தார்ச்சாலையில் கழிப்பதையும் பதிவு செய்தது. நம் இரக்கம் ஓர் உழைப்பாளியை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறது.

விலை சொன்னால்தான் மதிப்பு விளங்கும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் ஜே என்னும் பறவை, ஓக் கொட்டைகளைக் குளிர்காலத்துக்காகப் புதைத்து வைக்கிறது. எடுக்காமல் விட்டவை முளைக்கின்றன. ஓர் இணைப் பறவையின் இந்த வேலையை மனிதர்களைக் கொண்டு செய்தால் விதைப்பதற்குச் சுமார் 4,900 டாலரும், கன்று நடுவதற்குச் சுமார் 22,500 டாலரும் ஆகும் என்று 2006-இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். நம் வால்பாறையிலும் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளை மீட்க, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் விதை பொறுக்கி, நாற்றங்கால் வைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட மண்ணுக்குரிய மரவகைகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து நட்டு வருகிறார்கள். அருமையான பணி. ஆனால், மரநாயும் இருவாச்சியும் செய்வதை மனிதர் செய்ய எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதற்கும் அதுவே சான்று.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கத்துடன் 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. நட்ட கன்றுகளை எண்ணுவதோடு, அவற்றில் எத்தனை பறவைக்கும் விலங்குக்கும் கனி தருபவை என்றும் நாம் கேட்க வேண்டும். கொல்லிமலை போன்ற இடங்களில் அத்தி, நாவல், இச்சி முதலியவற்றைத் தோட்டத்தில் வெட்டாமல் வைத்திருக்கும் உழவருக்கு மரம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை தரலாம். அது சலுகை ஆகாது. ஊருக்குச் செய்யும் பணிக்கான ஊதியம். கோயில்காடுகளின் ஓரங்களில் மண்ணுக்குரிய மரக்கன்றுகளை வளர்க்கும் பொறுப்பை ஊராட்சிகளே ஏற்கலாம். சுற்றுலா செல்வோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது: குரங்குக்கு எதுவும் தராமல் கடந்துபோனால் போதும்.

திரும்பி ஏறும்போது அந்தப் பாறையைக் கடந்தோம். பெரியவர் நின்று, தம் கைத்தடியால் அந்த நாவற்கொட்டைகளைப் பாறையிலிருந்து மண்ணுக்குத் தள்ளிவிட்டார். ‘மழை வரப்போகுது’ என்றார். மரம் தன் பங்குக் கூலியைக் கொடுத்துவிட்டது. மரநாய் தன் வேலையை முடித்துவிட்டது. மிச்சமிருப்பது நம் பங்குதான்.