ஓடும் பெண்களும் சிறுநீர்க் கசிவும்

விளையாட்டுத் திடலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி திடீரென்று பயிற்சிக்கு வராது நின்றுவிடுவதுண்டு. காரணம் வினவினால் தலைவலி என்பாள். வீட்டில் வேலை என்பாள். ஓடும்போது சிறுநீர் கசிந்து உடை நனைகிறது என்பதை மட்டும் சொல்லமாட்டாள். பெற்ற தாயிடமே சொல்லக் கூசும் செய்தி அது. எவரும் வாய்திறவாமையால் இதனை அபூர்வமான கோளாறு என்றும், பிள்ளை பெற்ற மாதர்க்கு மட்டும் உரியது என்றும் பலர் கருதி வந்தனர். இரண்டும் தவறு.

1994-ஆம் ஆண்டில் இங்ரிட் நைகார்டு என்னும் அமெரிக்க டாக்டரும் அவருடைய தோழர்களும் கல்லூரி விளையாட்டுக் குழுக்களைச் சேர்ந்த 144 பெண்களை விசாரித்தறிந்த முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரும் பிள்ளை பெற்றவரல்லர். சராசரி வயது 20 கூட நிரம்பவில்லை. ஆயினும் 28 சதவிகிதத்தினர் விளையாட்டின்போது தமக்குச் சிறுநீர் கசிவதாகக் கூறினர். ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்வோரில் இது 67 சதவிகிதம், கூடைப்பந்து ஆடுவோரில் 66, தடகளத்தில் 29, நீந்துவோரில் 10. கோல்ஃப் ஆடுவோரில் ஒருவருமில்லை. இவ்வரிசையே காரணத்தைச் சுட்டுகிறது. கால் எவ்வளவு வன்மையாகத் தரையில் மோதுகிறதோ அவ்வளவுக்குக் கசிவும் மிகுகிறது.

இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்பகுதி எலும்பால் மூடப்பட்டதன்று. முன்புற எலும்பிலிருந்து பின்னே வாலெலும்பு வரை, தூளி கட்டியதுபோல ஒரு தசைப்படலம் அங்கே விரிந்துள்ளது. இடுப்புத்தளத் தசை எனப்படும் இதன்மீதே சிறுநீர்ப்பையும் கருப்பையும் மலக்குடலும் தங்கியிருக்கின்றன. சிறுநீர்த்தாரை இத்தசையை ஊடுருவிக் கீழே வருகிறது. நாம் தும்மும்போதும் சிரிக்கும்போதும் குதிக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் உயர்ந்து சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. அக்கணமே தசை சுருங்கித் தாரையை மேலே தூக்கி இறுக்கிவிட்டால் கசிவில்லை. தசை வலுவற்றிருந்தாலும், சற்றே பிந்திச் சுருங்கினாலும் சில துளிகள் வெளிப்பட்டுவிடும்.

ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் தரையானது உடலின் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசையுடன் எதிர்த்துத் தள்ளுகிறது. நிமிஷத்துக்குச் சுமார் 160 அடிகள் என்று கொண்டால், அரைமணி நேர ஓட்டத்தில் 4,800 முறை இவ்வதிர்ச்சியை அத்தசை தாங்கவேண்டும். தொடக்கத்தில் கசியாதது இறுதிச் சுற்றில் கசிவதற்குத் தசையின் களைப்பும் ஒரு காரணம்.

அவ்வாறாயின் பெண்கள் ஓடாதிருப்பதே நலமன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். இவ்வகை அச்சம் பழையது. ஓடினால் கருப்பை இறங்கிவிடும் என்று மேனாட்டாரும் ஒருகாலத்தில் சொல்லித் திரிந்தனர். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நடந்த பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் அதன்பின் நீக்கப்பட்டு, 1960-இல் ரோம் நகரில்தான் மீண்டும் இடம்பெற்றது. பெண்கள் மாரத்தான் 1984 வரை காத்திருந்தது. ஆராய்ச்சி இவ்வச்சத்துக்கு ஆதரவளிக்கவில்லை. 1960 முதல் 1976 வரை ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட அமெரிக்க வீராங்கனைகளை நைகார்டு பிற்காலத்தில் விசாரித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டமும் ஜிம்னாஸ்டிக்ஸும் பயின்றோருக்கும் நீந்தியோருக்கும் இடையே கசிவில் கணிசமான வேறுபாடு காணப்படவில்லை.

உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. கசிவுக்கு அஞ்சும் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகின்றனர். கோடை வெயிலில் காவற்படைத் தேர்வுக்காக ஓடிப் பழகும் ஒருத்தி காலைமுதல் நீரருந்தாதிருந்தால் வெப்பத் தாக்குதலுக்கு இலக்காகலாம். செறிந்த சிறுநீர் பையை உறுத்தி மேலும் அவசரத்தைத் தூண்டும், மலச்சிக்கலும் நேரும், முக்குவதால் அதே தசை நலிவுறும். ஓடுமுன் ஒருமுறை சிறுநீர் கழித்துச் செல்வதே போதுமானது. திடலுக்கருகே தாழ்ப்பாளுள்ள கழிவறையும், கருநிறக் காற்சட்டையும் இருப்பின் பாதிக் கவலை அகலும்.

பரிகாரம் எளிது, பொறுமை வேண்டும். அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கேகல் 1948-இல் இத்தசைக்கான பயிற்சியை விளக்கியெழுதினார். நார்வே நாட்டு விஞ்ஞானி காரி பூ முதலியோர் 107 பெண்களிடம் ஆறு மாதம் நடத்திய சோதனையில் (1999), மின்தூண்டல் முதலிய முறைகளைவிட இப்பயிற்சியே மேலான பயன் அளித்தது. முறை வருமாறு: நிமிர்ந்து அமர்ந்து, வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளும் மேலுமாக இறுக்கவேண்டும். 6 முதல் 8 விநாடி நிறுத்தி, அதே நேரம் தளர்த்துக. இவ்வாறு 8 தடவை. நாள்தோறும் மூன்று வேளை. மூன்று மாதமேனும் தொடர்தல் வேண்டும். மூச்சை அடக்கலாகாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கலாகாது. பலர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகின்றனர். அது தீமையே செய்யும். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் கூடாது. தசை தேறியபின், தும்முமுன்னும் குதிக்குமுன்னும் அதனைச் சட்டென்று இறுக்கப் பழகுவது மிகப் பயன் தரும். பிரசவித்தோர் 12 வாரங்களுக்கு முன் ஓட்டத்தைத் தொடங்காதிருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் இயன்முறை வல்லுநர் 2019-இல் பரிந்துரைத்தனர்.

ஆசிரியையோ சுகாதாரப் பணியாளரோ இதனைக் கேட்கும்போது, ஒருத்தியைத் தனித்துச் சுட்டாமல், பெண்கள் மட்டும் கூடியிருக்கையில் பொதுவாக எடுத்துரைத்து, பின்னர் வந்து பேசுமாறு சொல்லுதல் நன்று. "உனக்கு நோய் உண்டா?" என்பதைவிட "ஓடும்போது நனைகிறதா?" என்னும் கேள்விக்கே விடை கிடைக்கும். எரிச்சல், இரத்தம், காய்ச்சல், இரவும் பகலும் ஓயாத ஒழுக்கு, பிறப்புவழியில் ஏதோ இறங்குவது போன்ற உணர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும், மூன்று மாதப் பயிற்சிக்குப் பின்னும் குறையாவிடினும், டாக்டரிடம் அனுப்பவேண்டும். தாங்குவளையம், அறுவை முதலிய வழிகளை அவர் ஆராய்ந்து சொல்லுவார்.