ஆண்பாலின் 'மேன்மை': பிரெஞ்சு இலக்கண விதியொன்றின் வரலாறு

பிரெஞ்சு கற்கத் தொடங்கும் தமிழருக்கு இயல்பாக எழும் முதல் வினா பால் பற்றியது. உணவு மேசையைக் குறிக்கும் சொல் பெண்பால். எழுதும் மேசையைக் குறிக்கும் சொல் ஆண்பால். உயிரற்ற பொருளுக்குப் பால் எதற்கு? தமிழிலே பால் பொருளின் தன்மையைத் தழுவியது. பிரெஞ்சிலோ அது பெரும்பாலும் சொல்லைத் தழுவியது. தாய்மொழியாகிய இலத்தீனில் ஆண், பெண், இரண்டுமல்லாதது என மூன்று பால்கள் இருந்தன. மூன்றாவது மறைந்தபோது அதற்குரிய சொற்களுட் பெரும்பாலானவை ஆண்பாலிலும், சில பெண்பாலிலும் சேர்ந்தன. இலத்தீனில் மூன்றாம் பாலைச் சார்ந்திருந்த 'கடல்' என்னும் சொல், பிரெஞ்சிலே பெண்பாலாகவும் இத்தாலியத்திலே ஆண்பாலாகவும் மாறியது. எனவே, பெயர்ச்சொல்லை 'லு', 'லா' என்னும் சுட்டோடு சேர்த்தே மனங்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது வினா இதனினும் கூர்மையானது. நூறு பெண்களுடன் ஓர் ஆண் இருப்பினும், அவர்களைக் குறிக்க ஆண்பாற் பன்மையையே வழங்க வேண்டும் என்பது ஏன்? 'ஆண்பால் பெண்பாலை வெல்லும்' எனப் பிரெஞ்சுப் பள்ளிகளிற் கற்பிக்கப்பட்டு வந்த விதி இது. பெயரடைகளையும் இதுவே ஆளுகின்றது.

இவ்விதி மொழியின் மாறாத இயற்கையன்று. முன்னைய வழக்கில், அருகிலுள்ள பெயருக்கு இயையப் பெயரடை அமைவதும் உண்டு. றசீன் 1691இல் இயற்றிய 'அத்தாலி' நாடகத்தில், மூன்று பகல்களையும் மூன்று இரவுகளையும் சேர்த்துக் கூறுமிடத்து, இறுதியில் நின்ற 'இரவு' பெண்பாலாதலின் பெயரடையும் பெண்பாலாயிற்று. 1647இல் வோஜலா, ஆண்பால் மேன்மையுடையதாதலின் அதுவே மேலோங்க வேண்டும் என்றார். எனினும், சில தொடர்களிற் செவி அதனை ஏற்கத் தயங்குவதையும் அவரே ஒப்புக்கொண்டார். 1767இல் பொசே அம்மேன்மைக்குக் காட்டிய காரணம், பெண்ணினும் ஆண் உயர்ந்தவன் என்பதாகும். சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு இலக்கணத்தின் நியாயமாக எடுத்தாளப்பட்டமையை இங்கு நாம் வெளிப்படையாகக் காண்கின்றோம்.

ஆண்பால் இங்கு பாலற்ற பொதுவடிவமாகவே செயற்படுகின்றது என வாதிடுவாரும் உளர். இன்றைய அமைப்பை விளக்க அவ்வாதம் ஓரளவு உதவலாம். ஆயின், விதிக்கு முற்காலத்திற் கூறப்பட்ட நியாயத்தை அது மறைத்துவிட முடியாது. 2017 நவம்பரில் பிரெஞ்சு ஆசிரியர் 314 பேர் இவ்விதியை இனிக் கற்பிக்கமாட்டோம் என அறிவித்தனர். தொழிற்பெயர்களின் பெண்பால் வடிவங்களை நெடுங்காலம் எதிர்த்துவந்த பிரெஞ்சு அக்கடமியும் 2019இல் அவற்றுக்கு இசைந்தது.

'வந்தார்கள்' என்னும் நமது பலர்பால் ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அதுகொண்டு நம் சமுதாயம் சமத்துவமுடையது என எவரும் துணியார். இலக்கணத்தை மாற்றுவதால் மட்டும் வாழ்க்கை மாறிவிடாது என்பதற்கு இதுவே சான்று. எனினும், மனிதர் வகுத்த விதியை இயற்கையின் கட்டளையெனக் கற்பித்தல் தகாது. மாணவர் தேர்வுக்காக விதியைக் கற்கட்டும். அதன் வரலாற்றையும் உடன் கற்றல் வேண்டும் என்பதே நமது கருத்து.