பச்சை விளக்கு எரியவில்லை... சக்கரம் இறங்கியதா?

"பிரிண்டர் இணைக்கப்படவில்லை" என்று திரையில் செய்தி வரும். பதறிப்போய்ப் பார்த்தால் பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கும், கேபிள்தான் லூசாகியிருக்கும். இதே குழப்பம் ஆகாயத்தில் வந்தால் என்ன செய்வது?

அமெரிக்காவில் பலர் வீட்டு காரேஜிலேயே சிறு விமானம் கட்டிப் பறக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தாங்களே செய்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வேகம் விரும்புவோர் உள்ளே மடங்கும் சக்கரங்களை வைக்கிறார்கள். இதனால் காற்றுத் தடை குறையும். ஆனால் பழுதாகக்கூடிய பாகங்கள் கூடும்.

சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதை விமானிக்குச் சொல்வது பெரும்பாலும் ஒரு மைக்ரோசுவிட்ச். உங்கள் மவுஸ் பட்டனுக்கு அடியில் 'கிளிக்' என்கிறதே, அதே வகைதான். அது அழுந்தினால் பச்சை விளக்கு எரியும். மூன்று சக்கரங்களுக்கு மூன்று விளக்குகள். ஒன்று எரியவில்லை என்றால் சக்கரம் இறங்காமல் இருக்கலாம். அல்லது சுவிட்ச், வயர், பல்பு இவற்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கலாம்.

பெரிய விமானங்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 1972 டிசம்பர் 29 அன்று, மயாமியை நெருங்கிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில் முன் சக்கர விளக்கு எரியவில்லை. விமானிகள் அதிலேயே மூழ்கியிருக்க, விமானம் மெல்லக் கீழே இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் இறந்தனர். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பல்புதான் போயிருந்தது!

எனவே விமானிகளுக்குக் கற்றுத்தரும் முதல் பாடம், விமானத்தை ஓட்டுவதை விடாதே என்பது. பாதுகாப்பான உயரத்துக்கு ஏறி, பல்பையும் மின் இணைப்பையும் சோதிக்க வேண்டும். பிறகு அவசர வழியில் கையால் சக்கரத்தை இறக்கிப் பார்க்கலாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அருகே தாழப் பறந்து, "சக்கரம் தெரிகிறதா?" என்று ரேடியோவில் கேட்பதும் உண்டு. எதுவும் பலிக்காவிட்டால் வயிற்றால் தரையிறங்க வேண்டியதுதான். ஓடுபாதையில் நிதானமாக இறக்கினால், பெரும்பாலும் புரொப்பெல்லரும் அடிப்பகுதியும் சேதமாகும், ஆட்கள் தப்பிவிடுவார்கள்.

பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி என்ற வீட்டுத் தயாரிப்பு விமானத்தில் முன் சக்கரம் மட்டும் மடங்கும். அது இறங்கியதா என்று விமானி நேரில் பார்க்கவே ஒரு சிறு ஜன்னல் உண்டு. எளிய, நல்ல யோசனை!

இதை நீங்களும் பழகிப் பார்க்கலாம். எக்ஸ்-பிளேன் 12 என்ற விமானப் பயிற்சி சாப்ட்வேருக்கு இலவச டெமோ இருக்கிறது. டவுன்லோட் செய்யும் முன், உங்கள் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு ஈடுகொடுக்குமா என்று பாருங்கள். அதில் உள்ள லான்கேர் எவல்யூஷன், கிட்டாக விற்கப்பட்டு, வாங்கியவர்கள் கட்டிய விமானம். 'ஜி' கீயை அழுத்தினால் சக்கரம் மடங்கும், இறங்கும். பழகியதும் பழுதுகள் பட்டியலில் லேண்டிங் கியரைத் தேர்ந்தெடுங்கள். விளக்கையே பார்த்துக்கொண்டிருக்காமல், உயரம் காட்டும் மீட்டர் மீதும் ஒரு கண் வையுங்கள்.