ஊசி போட்ட பின் அந்த ஊசி எங்கே போகிறது?

மலைக்கு அந்தப் பக்கமிருந்து

2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கொட்டிக் கிடந்தன. நோயாளிகளின் பெயர் எழுதிய தாள்களே எங்கிருந்து வந்தவை என்று காட்டிக்கொடுத்தன. மூன்று நாளில் அள்ளிப்போகும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22 அன்று அங்கிருந்து லாரிகள் வந்து ஏற்றிச் சென்றன. மறு ஆண்டே, மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுவோரைக் குண்டர் சட்டத்தில் அடைக்க வழிசெய்யும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் பக்கத்து ஆட்களுக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகள் நம் பள்ளத்தாக்கைக் கேரளத்தோடு இணைக்கின்றன. காய்கறி ஏற்றிப் போகும் வண்டி திரும்பி வரும்போது என்ன ஏற்றி வருகிறது என்று சோதனைச்சாவடியில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்தவரைக் குறைசொல்வது சுலபம். நம்மூர் கிளினிக்கின் பின்புறத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடலாம்.

பிரிக்க வேண்டியது நர்ஸ் கையில்

2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் பெரிய மருத்துவமனைக்கு மட்டுமல்ல; ஒற்றை அறை கிளினிக், ரத்தப் பரிசோதனைக் கூடம், கால்நடை மருத்துவமனை, சித்த மருத்துவமனை, ரத்ததான முகாம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத் துணி, அறுவையில் எடுத்த உடல் பகுதி, காலாவதி மருந்து ஆகியவை மஞ்சள் பையில். குளுக்கோஸ் டியூப், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்பில். ஊசி, பிளேடு போன்ற கூரானவை துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில்.

இதில் சூட்சுமம் ஒன்றுதான்: பயன்படுத்திய இடத்திலேயே, அந்தக் கையே பிரிக்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே வாளியில் போட்டுவிட்டால், பின்னால் பிரிக்கும் வேலை தூய்மைப் பணியாளர் தலையில் விழுகிறது. மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 சதவீதம் காகிதம், சாப்பாட்டு மிச்சம் போன்ற சாதாரணக் குப்பை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தப் பஞ்சு கலந்த நொடியில் அத்தனையும் ஆபத்தான கழிவாகிவிடுகிறது. அகற்றும் செலவும் அதற்கேற்ப ஏறுகிறது.

மஞ்சள் பையில் உள்ளதை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பார்கோடு ஒட்டிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே எரியுலையின் இரண்டாம் அறை 1,050 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிகிறது. கொல்லையில் தீவைத்தால் அந்த வெப்பம் வராது. பிளாஸ்டிக்கிலிருந்து டயாக்சின் நச்சுதான் வரும்.

பழைய இரும்புக் கடைக்குப் போனால்

2009-இல் குஜராத்தின் மோடாசாவில் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தனர். ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை மற்றவருக்கும் போட்டதே காரணம். பயன்படுத்தியவை பழைய பொருள் சந்தைக்குப் போவதும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. ஊசியைக் கட்டரில் வெட்டிவிட்டே போட வேண்டும் என்ற விதியை இப்படியான ஊர்களின் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வீட்டு இன்சுலின் ஊசி

சர்க்கரைக்கு வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்பவர்கள் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஊசியைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, முக்கால்வாசி நிறைந்ததும் இறுக மூடி, பேரூராட்சிப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லித் தனியே கொடுங்கள்.

குத்திவிட்டால்

பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிழியவோ வாயில் வைத்து உறிஞ்சவோ வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை முதல் சில மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் அதைப் போடும் கடமையை மருத்துவமனையிடமே விதிகள் ஒப்படைத்திருக்கின்றன. போடவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.