தமிழ்நாடு தீயணைப்பு வீரரின் பணிப்படிகள்

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் தீயணைப்பாளர் முதல் இயக்குநர் வரை பல படிநிலைப் பதவிகள் உள்ளன. ஆனால் எல்லோரும் கீழ்ப்படியிலிருந்தே தொடங்குவதில்லை. துறைக்குள் நுழைய மூன்று வாயில்கள் உள்ளன. ஒருவர் எந்த வாயில் வழியாக வருகிறார் என்பதே, அவர் ஓய்வு பெறும்போது எந்தப் பதவியில் இருப்பார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பின்னணி

சென்னையில் தீயணைப்புப் படை 1908ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. துறையின் அதிகாரங்களை 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் வரையறுக்கிறது. 101 என்ற எண்ணுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் தீ விபத்து பற்றியவை அல்ல. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, புயலில் சாய்ந்த மரம், வெள்ளத்தில் சிக்கிய குடும்பம் எனப் பலவற்றுக்கும் இதே வண்டிதான் புறப்படுகிறது.

மூன்று வாயில்கள்

முதல் வாயில் தீயணைப்பாளர் பதவி. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் பதவிகளோடு சேர்த்து ஒரே பொதுத் தேர்வின் மூலம் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இதற்கு ஆள் எடுக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குறைந்த வயது 18. உயர்ந்த வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 26. மற்றப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வுக்குப் பின் உடல் அளவுகள் சரிபார்க்கப்படும். பொதுப் பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம் தேவை. 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏறும் தேர்வும் உண்டு.

இரண்டாம் வாயில் நிலைய அலுவலர் பதவி. இதற்குப் பட்டப்படிப்பு தேவை. இப்பணியிடங்களில் ஒரு பகுதி நேரடித் தேர்வாலும், மற்றொரு பகுதி கீழ்நிலையிலிருந்து வருவோருக்குப் பதவி உயர்வாலும் நிரப்பப்படுகிறது.

மூன்றாம் வாயில் மாவட்ட அலுவலர் பதவி. இது முன்பு கோட்ட அலுவலர் எனப்பட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1 தேர்வில் துணை ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர் போன்ற பதவிகளோடு இதுவும் இடம்பெறுகிறது. நாட்டின் முதல் பெண் தீயணைப்பு அதிகாரிகளுள் இருவரான மீனாட்சி விஜயகுமாரும் பிரியா ரவிச்சந்திரனும் இந்த வழியாகவே துறைக்கு வந்தவர்கள்.

படிதோறும் மாறும் வேலை

புதிய தீயணைப்பாளர் கற்கும் முதல் பாடங்கள் குழாயை விரித்து இணைப்பது, ஏணி ஏறுவது, மயங்கியவரைத் தோளில் சுமந்து இறக்குவது போன்றவை. நிலையத்தில் அவருடைய நாள் அணிவகுப்பு, கருவிப் பராமரிப்பு, அழைப்புக்கான காத்திருப்பு எனக் கழிகிறது. ஓட்டுநர் வண்டியை ஓட்டுவதோடு நிற்பதில்லை. சம்பவ இடத்தில் பம்பை இயக்கி, குழாய் முனையில் நிற்பவருக்குத் தேவையான அழுத்தத்தில் நீர் தருவதும் அவர் பொறுப்பே.

அடுத்த படி முன்னணி தீயணைப்பாளர். பட்டியலில் இது சிறிய உயர்வாகத் தோன்றினாலும் பொறுப்பில் பெரிய மாற்றம். அதுவரை கட்டளைப்படி உள்ளே சென்றவர், இனி ஒரு சிறு குழுவை உள்ளே அனுப்பவும் திரும்ப அழைக்கவும் வேண்டியவர் ஆகிறார். கூரை தாங்குமா, புகையின் நிறம் என்ன சொல்கிறது, சமையல் எரிவாயு உருளை உள்ளே இருக்கிறதா என்று சில நொடிகளில் கணிக்க அனுபவமே துணை.

நிலைய அலுவலர் ஒரு நிலையத்தின் தலைவர். சம்பவ இடத்தில் கட்டளையிடுவது, விபத்து அறிக்கை எழுதுவது, பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் செயல்விளக்கம் நடத்துவது ஆகியன அவர் கடமைகள். அவருக்கு மேலே உதவி மாவட்ட அலுவலரும் மாவட்ட அலுவலரும் உள்ளனர். இந்நிலையில் வேலையின் பெரும்பகுதி தடுப்புப் பணியாகிறது. அடுக்குமாடிக் கட்டடங்கள், பள்ளிகள், தீபாவளிப் பட்டாசுக் கடைகள் போன்றவற்றை ஆய்வு செய்து தடையின்மைச் சான்று தருவதா, மறுப்பதா என்பது இங்கு முடிவாகிறது. 2004 சூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தனர். இத்தகைய ஆய்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அவ்விபத்தே சான்று.

மாவட்ட அலுவலருக்கு மேல் துணை இயக்குநர், இணை இயக்குநர் பதவிகள் வருகின்றன. தலைமையான இயக்குநர் பொறுப்பில் வழக்கமாக இந்தியக் காவல் பணி அதிகாரி ஒருவரே அமர்த்தப்படுகிறார். இதனால் குழாய் பிடித்துத் தொடங்கியவர் துறையின் உச்சப் படியை எட்டுவதில்லை. தீயணைப்பாளராகச் சேர்ந்தவர்களில் பலருக்கு நிலைய அலுவலர் நிலையே நீண்ட பணிக்காலத்தின் இறுதிப் படியாகிறது.

இடமாற்றம்

பதவி உயர்வு பெரும்பாலும் இடமாற்றத்தோடு சேர்ந்தே வருகிறது. தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் வேதிப்பொருள் தீயும், கடலோர ஊரில் புயலும், மலைப்பகுதியில் மண்சரிவும், பட்டாசு ஆலைகள் மிகுந்த சிவகாசி வட்டாரத்தில் வெடிவிபத்தும் வெவ்வேறு பாடங்களைக் கற்பிக்கின்றன. குடும்பத்தின் பக்கம் இருந்து பார்த்தால், ஒவ்வொரு மாற்றமும் வாடகை வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றுவதாகும்.

பதவியும் ஆபத்தும்

மேலே செல்லச் செல்ல மேசை வேலை கூடினாலும் ஆபத்து முழுதும் விலகுவதில்லை. 2012 சனவரியில் சென்னை எழிலக வளாகத்தின் பழமையான கலச மகாலில் தீப்பற்றியபோது கட்டடப் பகுதி இடிந்து விழுந்தது. அதில் ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். கோட்ட அலுவலராக இருந்த பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயமடைந்தார். வீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் பின்னர் அவருக்கு வழங்கப்பட்டது.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று நிலையங்களில் நடைபெறும் நீத்தார் நினைவு அஞ்சலியில் தீயணைப்பாளர் முதல் இயக்குநர் வரை எல்லாப் படியினரும் பங்கேற்கின்றனர்.