அரிதாக ஓட்டப்படும் ஸ்போர்ட்ஸ் காரின் சர்வீஸ் இடைவெளி

ஆண்டுக்குச் சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடி, மற்ற நாட்களில் கொட்டகையில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரின் சர்வீஸ், ஓடிய தூரத்தைக் காட்டிலும் கடந்த காலத்தை அடிப்படையாகக் கொண்டு செய்யப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றமும் முழுச் சோதனையும், 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் திரவ மாற்றமும், டைமிங் பெல்ட், டயர் ஆகியவற்றை அவற்றின் வயதைக் கணக்கிட்டு மாற்றுவதும் பொதுவான நடைமுறை ஆகும். ஓடாத காருக்குத் தேய்மானம் இல்லை, ஆகவே செலவும் இல்லை என்று கருதுவது தவறு. ஓடும் காரில் உலோகம் தேய்கிறது. நிற்கும் காரில் திரவங்களும் ரப்பரும் பேட்டரியும் கெடுகின்றன.

தூரக் கணக்கும் காலக் கணக்கும்

கார் நிறுவனங்கள் சர்வீஸ் இடைவெளியைத் தூரம், காலம் என இரண்டு அளவுகளில் தருகின்றன. இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவே பொருந்தும். எடுத்துக்காட்டாக, ஃபெராரி தன் புதிய கார்களுக்கான 7 ஆண்டுப் பராமரிப்புத் திட்டத்தில் 20,000 கிமீ அல்லது ஓராண்டு என்று குறிப்பிடுகிறது. நாள்தோறும் ஓடும் காரில் பெரும்பாலும் தூரக் கெடு முதலில் வரும். ஆண்டுக்கு 2,000 கிமீ ஓடும் கார் 20,000 கிமீ-ஐ எட்ட 10 ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருந்தால் 9 ஆண்டு சர்வீஸ்கள் தவறிப்போயிருக்கும்.

எஞ்சின் ஆயில்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. இதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலில் சேர்கிறது. அதனுடன் எரியாத பெட்ரோலும் அமிலப் பொருட்களும் சேர்கின்றன. ஆயில் நன்கு சூடாகி, அந்தச் சூட்டில் சிறிது நேரம் ஓடினால் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகும். 5 நிமிட ஓட்டத்தில் இது நடப்பதில்லை. குளிர்விப்பு நீரின் வெப்பமானி முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுச் சூட்டை எட்டக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இக்காரணத்தால், வாரம் ஒருமுறை காரை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைக்கும் பழக்கம் நன்மையைவிடத் தீமையே செய்கிறது. ஆயிலில் ஈரம் கூடுகிறது. பேட்டரியும் போதிய அளவு சார்ஜ் ஆவதில்லை. மாதம் ஒருமுறையாவது 20 முதல் 30 நிமிடம் சாலையில் ஓட்டுவது சிறந்தது. அது இயலாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் விடுவது நல்லது.

பல மாதங்கள் நிறுத்தப்போகும் காருக்கு, நிறுத்துவதற்கு முன்பே ஆயில் மாற்றப்படுகிறது. பழைய ஆயிலில் உள்ள அமிலமும் ஈரமும் பேரிங்குகளின் மேல் மாதக்கணக்கில் தங்காமல் இருக்க இது உதவும்.

பிரேக் திரவம்

டாட் 3, டாட் 4, டாட் 5.1 வகைப் பிரேக் திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. கார் ஓடினாலும் நின்றாலும் இது நடக்கும். டாட் 4 தரத்தின்படி புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த நிலைக்கு அத்தரம் கேட்கும் குறைந்த அளவு 155 டிகிரி மட்டுமே. மலைச்சாலை இறக்கத்திலோ பந்தயப் பாதையிலோ தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் உருவானால், மிதி தரைவரை இறங்கும், பிரேக் பிடிக்காது. வேகமான காரில் இது உயிருக்கே ஆபத்தானது. போர்ஷே உள்ளிட்ட நிறுவனங்கள் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்கின்றன.

டைமிங் பெல்ட்

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயக்குவது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். பெல்ட் ரப்பரால் ஆனது, நின்றாலும் முதுமையடையும். அது அறுந்தால், பல ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டன்களில் மோதி வளையும். அதன்பின் எஞ்சினையே பிரித்துச் சீரமைக்க வேண்டியிருக்கும்.

1990-களில் வந்த ஃபெராரி எஃப்355-இல் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே காரிலிருந்து இறக்க வேண்டும். அடுத்து வந்த 360 மொடேனாவில் இருக்கைகளுக்குப் பின்னுள்ள திறப்பு வழியே இவ்வேலையைச் செய்யலாம். அதற்கடுத்த எஃப்430-இல் பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்தது. பழைய வகை ஒன்றை வாங்குபவர், மீட்டரில் காட்டும் தூரத்தைவிடக் கடைசியாகப் பெல்ட் மாற்றிய ஆண்டையே முதலில் பார்க்க வேண்டும்.

டயர்

குறைவாக ஓடும் காரின் டயரில் வரிப்பள்ளங்கள் புதிது போலவே இருக்கும். ஆனால் ரப்பர் ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகிப் பிடிமானத்தை இழக்கிறது. கண்ணால் பார்த்து இதைக் கண்டறிவது கடினம். டயரின் பக்கச்சுவரில் உள்ள 4 இலக்க எண் அதன் பிறந்த தேதியைக் காட்டும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்யப்பட்டது என்று பொருள்.

2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் போர்ஷே கரேரா ஜிடி கார் ஒன்று விபத்துக்குள்ளாகி, நடிகர் பால் வாக்கரும் காரை ஓட்டியவரும் உயிரிழந்தனர். அதிவேகமே விபத்துக்குக் காரணம் எனக் காவல்துறை விசாரணை முடிவு செய்தது. அதே விசாரணை, அந்தக் காரின் டயர்கள் 9 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்றும், அது காரின் கையாளும் திறனைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் குறிப்பிட்டது. அதிவேகக் காருக்கு 6 ஆண்டுகளைத் தாண்டிய டயர்களைப் பள்ளம் மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுவது பாதுகாப்பானது.

பேட்டரியும் பெட்ரோலும்

நிற்கும் காரிலும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி, கணினிப் பகுதிகள் மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். முழுச் சார்ஜில் உள்ள ஈய-அமிலப் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அது 12.4-க்குக் கீழே இறங்கி நெடுநாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி கெடும். தேவைக்கேற்பத் தானே சார்ஜ் செய்து நிறுத்தும் பராமரிப்புச் சார்ஜரை இணைத்து வைப்பது இதற்குத் தீர்வு.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. எத்தனால் குறைந்த சூப்பர் வகையை நிரப்பி, பெட்ரோலைக் கெடாமல் காக்கும் திரவத்தையும் சேர்த்து நிறுத்துவது அங்குள்ள பழைய கார் உரிமையாளர்களின் வழக்கம்.

பருவகால நிறுத்தம்

குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் நாடுகளில், துருவுக்கு அஞ்சி ஸ்போர்ட்ஸ் கார்களைப் பல மாதங்கள் வெளியே எடுப்பதில்லை. ஜெர்மனியில் 1997 முதல் ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் செல்லும் பருவகால எண்பலகை வழங்கப்படுகிறது. இவ்வாறு நிறுத்தும்போது பின்வருவன கடைப்பிடிக்கப்படுகின்றன:

- காரைக் கழுவி, சிறிது தூரம் ஓட்டிப் பிரேக் தட்டுகளின் ஈரத்தை உலர்த்துதல்.
- கைப்பிரேக்கை விடுவித்துச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தல். பிரேக் கட்டைகள் துருவேறி ஒட்டிக்கொள்வதை இது தவிர்க்கும்.
- டயர் தட்டையாகாதிருக்கக் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டுதல். மீண்டும் ஓட்டுமுன் சரியான அளவுக்குக் குறைத்தல்.
- காற்றோட்டமுள்ள உறையால் மூடுதல்.
- எலிகள் கடித்த தடயம் உள்ளதா என வயர்களைச் சோதித்தல்.

சுருக்க அட்டவணை

- மாதந்தோறும்: டயர் காற்று, பேட்டரி, தரையில் ஒழுகல் சோதனை, இயன்றால் 20–30 நிமிட ஓட்டம்.
- ஆண்டுதோறும்: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், குழாய்கள், பிரேக், காற்றுப் பதனி சோதனை.
- 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை: பிரேக் திரவம்.
- கையேட்டில் உள்ள ஆண்டுக் கணக்குப்படி: குளிர்விப்பு நீர், ஸ்பார்க் பிளக், கியர் ஆயில், டைமிங் பெல்ட்.
- 6 ஆண்டுகளில்: டயர்கள்.

கையேடு இதைவிடக் குறைந்த இடைவெளி கேட்டால் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

செலவும் பதிவேடும்

ஓடாத காருக்கு ஆண்டுதோறும் செலவிடுவது வீண் எனத் தோன்றலாம். ஆனால் ஒரு டைமிங் பெல்ட்டைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிக்கும் தொகை, வளைந்த வால்வுகளைச் சீரமைக்கும் செலவில் சிறு பங்கே. விற்கும்போதும் தேதியிட்ட ரசீதுகளுடன் கூடிய தொடர்ச்சியான சர்வீஸ் பதிவேடு விலையை உயர்த்துகிறது. பதிவேட்டில் பல ஆண்டுகள் விடுபட்டிருந்தால், தூரம் குறைவாக ஓடியிருந்தாலும் வாங்குபவர் திரவங்கள், பெல்ட், டயர் அனைத்தையும் மாற்றும் செலவைக் கணக்கிட்டே விலை கேட்பார்.