தகரக் கூரை மழைக்குள் ஒரு பாட்டு

லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சாயங்கால மழை தகரக் கூரையில் கொட்டும். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருக்கும். சத்தத்தைக் கூட்டினாலும் சொல் விளங்காது. மெட்டு மட்டும் மழைக்குள்ளிருந்து மெல்ல எட்டிப் பார்க்கும். ஆனாலும் அந்த நேரத்துப் பாட்டுக்குத் தனிச் சுகம் உண்டு அல்லவா?

அந்த மழையையும் பாட்டையும் சேர்த்தே பதிவு செய்து, "இதுதான் எங்கள் இசை" என்று சொல்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையும் அந்த இசையின் ரசிகராக இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமலே!

எனக்கு அதை அறிமுகப்படுத்தியவள் என் அக்காள் மகள். ஜொகூர் பாருவிலிருந்து விடியும் முன்னே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். வீடு திரும்பினால் அறைக் கதவு சாத்தியிருக்கும். காதில் ஹெட்ஃபோன் இருக்கும். "அப்படி என்னதான் கேட்கிறாள்?" என்று அக்காளுக்குக் கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கேட்டுவிட்டேன்.

"திட்டாம ஒரே ஒரு பாட்டு கேளுங்க மாமா" என்று காதில் மாட்டிவிட்டாள்.

ஒரே இரைச்சல். "என்னம்மா, ஸ்டேஷன் சரியாப் பிடிக்கலையா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அது அப்படித்தான் மாமா இருக்கணும்" என்றாள்.

மறுமுறை பொறுமையாகக் கேட்டேன். இரைச்சலுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. பயிற்சி பெற்ற பாடகனின் குரல் அல்ல; தயங்கித் தயங்கி வரும் ஓர் இளைஞனின் குரல்.

யார் அந்த இளைஞர்?

2021இல் தென்கொரியாவின் சியோல் நகரத்தில் மாணவராக இருந்தவர் அவர். 'பாரன்னோல்' என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். கொரிய மொழியில் 'நீல அந்தி' என்று பொருள். 2021 பிப்ரவரியில் தமது இரண்டாவது தொகுப்பை இணையத்தில் வெளியிட்டார். 'கனவின் அடுத்த பகுதியைக் காண' என்பது அதன் தலைப்பின் பொருள். வெளியிட்டபோது தம் சொந்தப் பெயரையும் சொல்லவில்லை, முகத்தையும் காட்டவில்லை. கித்தார், டிரம் ஒலிகளைக் கணினியிலேயே உண்டாக்கி, தனியொருவராகச் செய்து முடித்தார். பெரிய கம்பெனி இல்லை, விளம்பரம் இல்லை. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு உலகெங்கும் பரவியது.

பாடல்களில் என்ன இருக்கிறது? நினைத்தபடி அமையாத இளமை, தனிமை, தாழ்வு மனப்பான்மை, ஏக்கம். நம் வீட்டுப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாதவை எல்லாம்தான்!

பெயர் வந்த கதை

இந்த இசைக்கு 'ஷூகேய்ஸ்' என்று பெயர். 'காலணியைப் பார்ப்பது' என்று பொருள். கித்தார் ஒலியைக் குழப்பவும் எதிரொலிக்க வைக்கவும் பல கருவிகளைத் தரையில் வைத்துக் காலால் அழுத்துவார்கள். ஆகவே பாதி நேரம் குனிந்தபடியே வாசிப்பார்கள். பிரிட்டனில் பத்திரிகைக்காரர்கள் கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இதற்கு மூத்த அக்காள் 'டிரீம் பாப்', அதாவது கனவு இசை. ஸ்காட்லாந்தில் 2025 வரை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கிய கிரேஞ்ச்மவுத் என்ற ஊரில் 1979இல் தோன்றிய 'காக்டோ ட்வின்ஸ்' குழு இதில் பேர்பெற்றது. அதில் பாடிய எலிசபெத் ஃப்ரேசரின் பாடல்களில் பல சொற்களுக்குப் பொருளே கிடையாது. வியப்பாக இருக்கிறதா? நம் தாலாட்டில் வரும் 'ஆராரோ'வுக்கு எந்தக் குழந்தை பொருள் கேட்டது!

இங்கிலாந்தின் ரெடிங் நகரத்து 'ஸ்லோடைவ்' குழுவை அந்நாளில் பத்திரிகைகள் கிழித்துப் போட்டன. 1995இல் இசைத்தட்டு நிறுவனமும் கைவிட்டது. 2014இல் மீண்டும் சேர்ந்தார்கள். 2023இல் அவர்களது தொகுப்பு பிரிட்டனின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது.

கேசட்டின் பெருமை

சிறு கருவியில் பதிந்து, இரைச்சலை நீக்காமல் அப்படியே விடுவதை 'லோ-ஃபை' என்கிறார்கள். சாதாரண கேசட்டிலேயே நான்கு ஒலிகளைத் தனித்தனியே பதியும் கருவி 1979இல் வந்தது. அதன் பிறகு ஸ்டூடியோ இல்லாதவனும் வீட்டில் இசை பதிய முடிந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் அப்படி ஒரு மாதிரிப் பதிவு செய்தார். பின்னர் ஸ்டூடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தார். அந்த உயிர் வரவில்லை. கடைசியில் வீட்டுக் கேசட்டில் இருந்ததையே 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம் வீட்டுக் கேசட்டுகள் நினைவுக்கு வந்தன. டேப் ரெக்கார்டர் வந்த புதிதில், பாட்டியின் தாலாட்டையும் பிள்ளையின் மழலையையும் நாம் பதியவில்லையா? இடையில் சேவல் கூவும், நாய் குரைக்கும். அந்தக் கேசட்டுகள் இப்போது எங்கே?

தேடி எடுங்கள், அன்பர்களே. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் போட்டுப் பார்க்காதீர்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் ஒருமுறை முழுதும் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, கணினியில் பதிந்து வையுங்கள். பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரியும், அவர்களையே கூப்பிடுங்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்கிற பிள்ளையைக் கண்டால் உடனே அதட்டவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து "அது என்ன பாட்டும்மா?" என்று கேளுங்கள். பாட்டில் தொடங்கும் பேச்சு வேறு எதில் எல்லாமோ போய் முடியும்.

அன்று நான் கேட்டதற்குப் பதிலாக, மறுவாரம் என் அம்மாவின் கேசட்டை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் பார்த்திராத பாட்டி அவள். இரைச்சலுக்குள் தாலாட்டு, பின்னணியில் தகரக் கூரையில் மழை. அக்காளும் கைவேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்ததும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொரு தடவை போடுங்க மாமா."